ராயக்கோட்டைப் பெட்டிகள்

ஷபீர் பாய் மண்டியில்
பெட்டி என்றால் இருபத்தைந்து கிலோ.
என் மடிக்கணினியில்
பெட்டி என்றால் நடுவிலுள்ள பாதி நாட்கள்:
கீழே கால், மேலே கால் கழித்து
மிச்ச விலைகள் நெருக்கியடித்து நிற்கும் இடம்.
குறுக்கே தடித்த கோடு, அது இடைநிலை.
மேலும் கீழும் ஒவ்வொரு மீசை.

மூன்று வருடத்து ரசீதுகள்.
தக்காளிச் சாறு பட்டு ஒன்றோடொன்று ஒட்டியவை.
இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்து
இரவெல்லாம் தட்டினேன்.
மாதங்களைத் தமிழில் கொடுத்ததுதான் வினை.
ஆர் மொழிக்கு அகரவரிசையே பஞ்சாங்கம்:
ஆடியில் பிறந்தது வருடம்,
ஆனி அதன் முதுகுக்குப் பின்னால்,
சித்திரை கார்த்திகைக்கு அப்புறம் வந்து
மூச்சு வாங்கியது.
பன்னிரண்டையும் பிடித்து
ஒவ்வொன்றாக வரிசையில் நிறுத்தினேன்.

அடுத்தது நிறம்.
அறுநூற்றுச் சொச்சம் பெயர்களில்
'டொமேட்டோ' என்றே ஒன்று இருக்கிறது.
முனிராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"இது செங்காய். பெங்களூர் லாரிக்குத் தாங்கும்."
பெயருக்குப் பின்னால் மூன்று என்று சேர்த்தேன்.
"இது பழுத்துடுச்சு. இன்னைக்கே தள்ளிடணும்."

அகலத்துக்கு 'மெய்' என்று கொடுத்தால்
ரசீது கூடக் கூடப் பெட்டியும் விரியும்.
மாசி தொந்தி வைத்துத் தரையோடு படுத்தது.
ஆடி ஒல்லியாய், உயரமாய்:
விலை இருந்தது, காய் இல்லை.

ஆடிக்கும் மேலே,
மீசைக்கு வெளியே,
தன்னந்தனியாய் ஒரு வெற்று வட்டம்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
எனக்கு அந்த ரசீதைத் தெரியும்.
பதினோரு பெட்டி. பெயர், பி. முனிராஜ்.
ஓசூரில் பழைய கடையில் எடுத்த
இந்த மடிக்கணினியே அந்தப் பணம்தான்.
அந்த வட்டத்தைப் பார்த்துத்தான்
இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்தார்.
அடுத்த ஆடிக்கு என்று நட்டார்.
அதற்கடுத்த ஆடிக்கும்.

பெட்டியின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு,
அதற்குமேல் மீசை நீளாது. அது கணக்கு.
இவர் மீசை அன்றைக்கு முறுக்கியது,
இன்னும் இறங்கவில்லை.

அந்த ஒற்றைப் புள்ளிக்கு இடம் விட்டு
மற்ற மாதமெல்லாம் அடியில் நசுங்கிக் கிடந்தன.
புள்ளியை மறைக்க
அந்த மொழியில் 'பொய்' என்று எழுத வேண்டும்.
எழுதினேன்.
அச்சு இறங்கியது.
பெட்டிகள் எழுந்து உட்கார்ந்தன.

விதை, குச்சி, மருந்து, பறிகூலி, வண்டி, கமிஷன்.
இருநூற்றுப் பதினைந்தில்
குறுக்கே ஒரு விட்டுவிட்ட கோடு.
எட்டு மாதத்தின் இடைநிலை
அதற்குக் கீழே.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.
டீ ஆடை கட்டியது.
"என் புள்ளி எங்கே?"
காட்டினேன், மறுபடி 'மெய்' என்று போட்டு.
"சரி. சூளகிரி ரோட்டுல கொட்டினோமே,
அது எங்கே?"

கொட்டியதற்கு ரசீது கிடையாது.
ரசீது இல்லாத நாள், கோப்பில் வெறும் கட்டம்.
வெறும் கட்டத்தைப் படம்
ஒரு வார்த்தை சொல்லாமல் ஒதுக்கிவிடும்.
எச்சரிக்கைகூட வராது.
நானும் அப்படித்தான் ஒதுக்கியிருந்தேன்,
ஒன்பது நாட்களை.

தேதி எல்லாம் அவருக்கு மனப்பாடம்.
மாசி மூன்று. மாசி நான்கு.
மாடுகூட முகம் திருப்பிக்கொண்ட ஏழாம் தேதி.
ஒவ்வொன்றுக்கும் நேராகப் பூஜ்ஜியம் வைத்தேன்.
மாசியின் கீழ்மீசை தரையைத் தொட்டது.

"பூஜ்ஜியம் எப்படி?
வண்டி வாடகை குடுத்துத்தானே கொட்டினேன்,
பெட்டிக்கு முப்பது ரூபா."

அச்சின் அடி எல்லையைக்
கழித்தல் நாற்பதுக்கு இறக்கினேன்.